பனியூர்தியின் பின்சில்லு

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, கல்லூரியின் பழைய நினைவுகளையே எழுதுவோம் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். நினைவுகளை நயம்பட எழுத வல்லார் பழைய மாணவருட் பலர் உளர். நாமோ இவ்விடத்தில் ஒரு கடனைத் தீர்க்க விரும்புகின்றோம். அது பணக்கடன் அன்று. மாணவர் ஒருவர்க்குத் தவறான விடை கூறிய ஆசிரியர் பட்ட கடன்.

எம்மிடம் பௌதிகவியல் கற்றுப் பின் கனடா நாட்டிற் குடியேறிய அன்பர் ஒருவர் சில காலத்துக்கு முன் எமக்குக் கடிதம் எழுதினார். அந்நாட்டின் மாரிகாலத்திலே பனியின்மீது விரைந்தோடும் ஸ்னோமொபைல் எனப்படும் பனியூர்தி ஒன்றை அவர் மகன் வாங்கியிருக்கின்றான். அதன் பின்சில்லுகள் 7 அங்குல விட்டமுடையன. அவற்றைக் கழற்றி 10 அங்குலச் சில்லுகளைப் பூட்டினால் ஊர்தியின் உச்சவேகம் கூடும் என்பது மகனின் துணிபு. தொங்கலமைப்புக் கெட்டுவிடும் என்பது பழுதுபார்ப்பவரின் எச்சரிக்கை. “ஐயா, இவ்விரண்டில் எது சரி?” என்று வினவியிருந்தார்.

நாம் சிறிதும் தாமதியாது விடை எழுதினோம். சில்லு ஒருமுறை சுழலுங்கால் அதன் பரிதியளவு தூரம் ஊர்தி செல்லும். விட்டம் 7இலிருந்து 10 ஆயிற் பரிதியும் அவ்விகிதத்திற் பெருகும். ஆகவே வேகம் கூடுதல் இயல்பே. மகன் கூறுவதே சரி, என்று ஈருருளியை உவமை காட்டி விளக்கினோம். இரண்டு வாரத்தில் மறுகடிதம் வந்தது. அதனுள் ஊர்தியின் புகைப்படம் ஒன்றும், மிகப் பணிவான ஒரு வரியும் இருந்தன. “ஐயா, பின்சில்லை எஞ்சின் சுழற்றவில்லை, பட்டியே சுழற்றுகின்றது. அங்ஙனமாயின் தாங்கள் கூறிய காரணம் பொருந்துமோ?”

பொருந்தாது. படத்தைக் கண்ட அளவிலே எமது பிழை எமக்கு விளங்கிற்று. ஆயினும் வியப்பு யாதெனின், காரணம் முற்றும் பிழையாயினும் பெரிய சில்லால் வேகம் சிறிது கூடும் என்னும் முடிவு பிழையன்று. சரியான விடைக்குப் பிழையான வழியிற் சென்ற எத்தனையோ மாணவரின் தாள்களிலே நாமே சிவப்பு மையாற் கோடிட்டிருக்கின்றோம். அக்கோட்டை இப்பொழுது எமது தாளிலே இட்டுக்கொண்டு, சரியான வழியை இங்கே எழுதுகின்றோம்.

ஊர்தி பிறந்த வரலாறு

பனியூர்தியைப் பொழுதுபோக்குக் கருவி என்றே இன்று பலரும் அறிவர். அதன் பிறப்போ துயரத்தோடு தொடர்புடையது. கனடாவின் கியூபெக் மாகாணத்திலே வல்கூர் என்னும் ஊரில் 1907ஆம் ஆண்டிற் பிறந்தவர் யோசெப்-ஆர்மண்ட் பொம்பார்டியே. இளமையிலேயே பொறிகளில் நாட்டங்கொண்ட இவர், பனிமேற் செல்லும் ஊர்தியொன்றை அமைக்கும் முயற்சியில் ஈடுபட்டிருந்தார். 1934ஆம் ஆண்டு மாரியில் அவருடைய இரண்டு வயது மைந்தன் குடல்வால் நோயால் வருந்தினான். தெருக்களைப் பனி மூடிக் கிடந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வழியில்லை. தந்தையின் ஊர்தியோ அப்பொழுது ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்தது.

அதன் பின்னர் பொம்பார்டியே தம் முயற்சியை முடுக்கினார். இறப்பரால் மூடிய பற்சில்லொன்று, இறப்பரும் பருத்தியும் சேர்த்து இயற்றிய முடிவில்லாப் பட்டியொன்றைப் பற்றி இழுக்கும் அமைப்பை அவர் கண்டார். 1937ஆம் ஆண்டில் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். எழுவரையும் பன்னிருவரையும் ஏற்றிச் செல்லும் பெரிய ஊர்திகள் முதலில் வெளிவந்தன. வைத்தியர், தபாற்காரர், பாடசாலைப் பிள்ளைகள் முதலானோர் அவற்றிற் சென்றனர். ஓரிருவர் செல்லத்தக்க சிற்றூர்தியாகிய ஸ்கி-டூ 1959ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. பொம்பார்டியே 1964ஆம் ஆண்டில் காலமானார்.

இத்துறையில் அவர் ஒருவரே உழைத்தார் என்று கொள்ளலாகாது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே கார்ல் எலியசன் 1924ஆம் ஆண்டிலேயே எஞ்சின் பூட்டிய சறுக்குவண்டி ஒன்றை அமைத்தார். மினசோற்றா மாநிலத்திலும் 1950களில் இம்முயற்சி வேரூன்றிற்று. எனினும், பற்சில்லுப் பட்டியை இழுக்கும் என்னும் அந்த 1937ஆம் ஆண்டுக் கருத்தை மாணவர் மறவாதிருத்தல் வேண்டும். எமது பிழைக்கு மருந்து அதனுள்ளேயே இருக்கின்றது.

உறுப்புக்கள்

பனியூர்தியின் முன்புறத்திலே திருப்புதற்கு உதவும் இரண்டு சறுக்குக்கட்டைகள் உள. பின்புறத்திலே அகன்ற இறப்பர்ப் பட்டியொன்று தடமாகச் சுழல்கின்றது. எஞ்சினின் வலு முதலில் இரண்டு கூம்புக் கப்பிகளையும் அவற்றை இணைக்கும் வாரையும் உடைய ஒரு மாற்றியைச் சேரும். இது வேக விகிதத்தைப் படிப்படியாகவன்றி இடையறாது மாற்றவல்லது. அங்கிருந்து ஒரு சங்கிலிப்பெட்டி வழியாக வலு கீழிறங்கிப் பட்டியின் முன்முனையில் உள்ள இயக்கு பற்சில்லை அடையும். பற்சில்லு பட்டியை இழுக்க, பட்டி நிலத்தைப் பின்னோக்கித் தள்ள, ஊர்தி முன்னோக்கிச் செல்கின்றது.

பட்டியின் வளையத்துள்ளே இரண்டு நெடிய சறுக்குச்சட்டங்கள் இணையாகக் கிடக்கின்றன. அவற்றின் அடியில் வழுவழுப்பான பிளாஸ்ரிக் பட்டைகள் பொருத்தப்பட்டுள்ளன. பட்டி இவற்றின்கீழ் வழுக்கிச் செல்லும். உராய்வாற் பிறக்கும் வெப்பத்தைத் தணிக்கும் குளிர்ச்சியையும் வழுக்கலையும் பனியே தருகின்றது. பழைய ஊர்திகளில் இச்சட்டங்களுக்குப் பதிலாகச் சிறு சில்லுத் தொகுதிகள் இருந்தன; 1970களிலே சறுக்குச்சட்டமே பெருவழக்காயிற்று. சட்டங்களின் பின்முனையில் ஓர் அச்சும், அதன்மேல் இரண்டு முதல் நான்கு வரையான சில்லுகளும் உள. இவையே நாம் ஆராயும் பின்சில்லுகள். இவை எதனையும் இழுப்பனவல்ல. இழுத்துவரப்படும் பட்டி கீழிருந்து மேலே திரும்புதற்கு இடங்கொடுப்பன மட்டுமே. கிணற்றுக் கப்பி கயிற்றைத் திருப்புவது போன்றது இதன் தொழில்.

இச்சட்டத் தொகுதியை ஊர்தியின் உடலோடு முன்னும் பின்னுமாக இரண்டு புயங்கள் இணைக்கின்றன. அப்புயங்களோடு வில்லுகளும் அதிர்வடக்கிகளும் தொடுக்கப்பட்டுள்ளன. இவையனைத்தையும் சேர்த்தே தொங்கலமைப்பு என்கின்றோம்.

வேகத்தை விதிப்பது எது?

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 முறை சுழல்கின்றது. மாற்றி ஒன்றுக்கொன்று என்னும் விகிதத்தில் நிற்கின்றது. சங்கிலிப்பெட்டியின் மேற்சில்லுக்கு 24 பற்களும் கீழ்ச்சில்லுக்கு 40 பற்களும் உள. ஆகவே இயக்கு பற்சில்லு நிமிடத்துக்கு 4,800 முறை, அதாவது செக்கனுக்கு 80 முறை சுழலும். அதற்கு 8 பற்கள். பட்டியில் ஒரு பல்லுக்குரிய இடைவெளி 2.86 அங்குலம். ஒரு சுழற்சியிற் பட்டி நகரும் தூரம் 22.88 அங்குலம், ஏறத்தாழ 58 சென்ரிமீற்றர். செக்கனுக்கு 80 சுழற்சி எனின் 46.5 மீற்றர், மணிக்கு ஏறத்தாழ 167 கிலோமீற்றர். பட்டி நிலத்தில் வழுக்காதெனின் இதுவே ஊர்தியின் வேகம்.

இக்கணக்கில் எவ்விடத்திலேனும் பின்சில்லின் விட்டம் வந்ததா? வரவில்லை. 7 அங்குலச் சில்லு இருப்பின் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 முறை சுழலும்; 10 அங்குலச் சில்லு இருப்பின் 3,500 முறை சுழலும். பட்டியின் வேகம் இரண்டிலும் ஒன்றே. ஈருருளியிலே பின்சில்லே சங்கிலியால் இழுக்கப்பட்டு நிலத்தை உதைப்பது. ஆதலால் அங்கே விட்டம் வேகத்தைத் தீர்மானிக்கும். பனியூர்தியிலோ அவ்வேலையைச் செய்வது முன்னே மறைந்திருக்கும் பற்சில்லு. பெயர் ஒன்றாயிருத்தலாற் பொருளும் ஒன்றென மயங்கியதே நாம் செய்த பிழை.

வளைவுக்குக் கொடுக்கும் விலை

அங்ஙனமாயின் பெரிய பின்சில்லு வேகத்துக்கு எவ்வாறு உதவுகின்றது? விடை இறப்பரின் இயல்பில் உள்ளது.

தடித்த இறப்பர்த் துண்டொன்றை எடுத்து ஒரு பென்சிலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். பின்பு அதனையே ஒரு செம்பைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். முன்னதற்கு வேண்டிய முயற்சி மிகப் பெரிது. வளைக்குங்கால் இறப்பரின் வெளிப்புறம் நீள்கின்றது, உட்புறம் சுருங்குகின்றது. வளைவின் ஆரை சிறிதாயின் இந்நீட்சியும் சுருக்கமும் பெரிதாம். வளைத்தற்குச் செலவிட்ட சத்தி இறப்பரினுள்ளே தேங்கி நிற்கும். நிமிரும்பொழுது அதிற் பெரும்பகுதி மீளும். ஆயின் முழுவதும் மீளாது. மீளாத பங்கு வெப்பமாகி வீணாகின்றது. உருக்கு வில்லில் இவ்விழப்பு மிகச் சிறிது. இறப்பரில் அது கணிசமானது. நெடுந்தூரம் ஓடிய மோட்டார் வாகனத்தின் இறப்பர்ச் சில்லைத் தொட்டுப் பார்த்தார் அதன் சூட்டை உணர்வர். அச்சூட்டின் பெரும்பங்கு இவ்வாறு வந்ததே.

பனியூர்தியின் பட்டி வெறும் இறப்பர் அன்று. உள்ளே நூல்நெசவும், குறுக்கே விறைத்த கோல்களும், வெளியே பனியைப் பற்றும் புடைப்புகளும் உண்டு. 10 அடி நீளமுள்ள அப்பட்டி நாம் மேற்கூறிய வேகத்திலே செக்கனுக்குப் பதினைந்து தடவை முழுச்சுற்றுச் சுற்றுகின்றது. ஒவ்வொரு சுற்றிலும் அதன் ஒவ்வொரு பகுதியும் பின்சில்லிலே வளைந்து நிமிரல் வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் எஞ்சின் ஒரு சிறு வரி செலுத்துகின்றது. குளிர் மிகுந்த காலையில் இறப்பர் விறைத்திருக்குமாதலின் அவ்வரியும் மிகும். அதனாலேயே ஊர்தியின் பின்புறத்தைத் தாங்கியிலே தூக்கி வைத்துப் பட்டியைச் சிறிதுநேரம் மெல்லச் சுழலவிட்டுச் சூடேற்றிக் கொள்ளும் வழக்கம் ஓட்டுநரிடையே உண்டு.

வளைந்த பட்டியிலே தேங்கும் சத்தி ஆரையின் வர்க்கத்துக்கு நேர்மாறாக மாறும் என்பது மீள்தன்மை பற்றிய பாடத்தில் வருவதே. அதிலே ஒரு குறித்த பங்கு இழக்கப்படும் எனக் கொண்டால் இழப்பும் அவ்வாறே மாறும். 7 அங்குலச் சில்லின் இழப்பை 100 எனக் கொள்வோம். 8 அங்குலச் சில்லுக்கு அது 77. 9 அங்குலத்துக்கு 60. 10 அங்குலத்துக்கு 49. முதல் ஓர் அங்குலத்தினாற் பெறும் இலாபம் 23. இரண்டாவதினாற் பெறுவது 17. மூன்றாவதினாற் பெறுவது 11. சில்லைப் பெருப்பிக்கப் பெருப்பிக்க இலாபம் குறைந்து செல்லுதலை மாணவர் குறித்துக்கொள்க.

இன்னொன்றும் உண்டு. பட்டி பின்சில்லில் மட்டும் வளைவதில்லை. முன்னேயுள்ள பற்சில்லிலும் வளைகின்றது. 8 பற்களையுடைய அப்பற்சில்லின் பயன்படு விட்டம் ஏறத்தாழ 7.3 அங்குலம். பின்சில்லை எவ்வளவு பெருப்பித்தாலும் அங்குள்ள இழப்பு மாறாது. ஆகவே இவ்விரு வளைவுகளையும் சேர்த்து நோக்கின், 10 அங்குலச் சில்லினால் மொத்த வளைவிழப்பிலே நான்கில் ஒன்றளவே குறையும்.

பட்டியின் குறுக்குக் கோல்கள் விறைத்தவை என்றோம். ஆதலாற் பட்டி சில்லைச் சுற்றும்பொழுது சீரான வட்டமாகாமற் பலகோணத்தின் இயல்பையும் பெறுகின்றது. முழுச்சுற்றையும் எண்ணினால், 7 அங்குலச் சில்லில் அப்பலகோணத்துக்கு ஏறத்தாழ 8 பக்கங்கள். 10 அங்குலச் சில்லில் 11 பக்கங்கள். பக்கங்கள் கூடக் கூட உருவம் வட்டத்தை அணுகும். துடிப்பும் அதிர்வும் குறையும். சில்லின் சுழற்சி வேகம் குறைதலாற் குண்டுத்தாங்கிகளும் நீடித்து உழைக்கும்.

கூடும் வேகம் எவ்வளவு?

ஊர்தி உச்சவேகத்திற் செல்லும்பொழுது அதன் வலு முழுவதும் தடைகளை வெல்லுதற்கே செலவாகின்றது. அவற்றுள் மிகப் பெரியது காற்றுத்தடை. அதனை வெல்ல வேண்டிய வலு வேகத்தின் கனத்துக்கு நேராக உயரும். வேகத்தை இருமடங்காக்க எட்டு மடங்கு வலு வேண்டும் என்பது இதன் பொருள்.

கணக்கின் பொருட்டு, பட்டியை வந்தடையும் வலு 100 பங்கு என்றும், அதில் 10 பங்கு வளைவிழப்பு என்றும், எஞ்சிய 90 காற்றுக்கே செலவாகின்றது என்றும், வேகம் மணிக்கு 160 கிலோமீற்றர் என்றும் கொள்வோம். பெரிய சில்லினால் வளைவிழப்பின் நான்கில் ஒன்று, அதாவது 2.5 பங்கு, மிஞ்சுகின்றது. இனிக் காற்றுக்கு எதிராக 92.5 பங்கு கிடைக்கும். 90க்கு 92.5 என்னும் விகிதத்தின் கனமூலத்தை எடுத்தால் வேகம் நூற்றுக்கு ஒன்றளவு உயரும். 160 என்பது 161.5 ஆகும். எமது முதற் கடிதத்தின் தர்க்கப்படி 160 என்பது ஏறத்தாழ 229 ஆகியிருத்தல் வேண்டும்! காரணம் பிழையாயின் விடையின் அளவும் எத்துணைத் தூரம் பிழைபடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மேலும் ஒரு நிபந்தனை உண்டு. மாற்றி ஏற்கனவே தன் இறுதி விகிதத்தை அடைந்து, எஞ்சினும் தன் எல்லைச் சுழற்சியில் நிற்குமாயின், எவ்வளவு வலு மிஞ்சினும் வேகம் உயர இடமில்லை. அப்பொழுது சங்கிலிப்பெட்டியின் பற்சில்லுகளையே மாற்றல் வேண்டும்.

தொங்கலமைப்புக்கு நேர்வன

பழுதுபார்ப்பவரின் எச்சரிக்கைக்கு இனி வருவோம். அது வெறும் அச்சுறுத்தல் அன்று. பெரிய சில்லைப் பூட்டுதல் நான்கு மாற்றங்களை உண்டாக்கும்.

முதலாவது, உயரம். அச்சு இருந்த இடத்திலேயே இருக்க 7 அங்குலச் சில்லை நீக்கி 10 அங்குலச் சில்லைப் பூட்டினாற் சில்லின் அடி முன்னிலும் 1.5 அங்குலம் (38 மில்லிமீற்றர்) தாழும். கடினமான தரையிலே சட்டத்தின் பின்முனை அவ்வளவு உயர்ந்து நிற்கும். 1 மீற்றர் நீளமான சட்டத்தில் இது 2 பாகைக்குச் சற்று மேற்பட்ட சாய்வு. சுமை சட்டம் முழுவதும் பரவாது, சட்டத்தின் முன்வளைவிலும் பின்சில்லிலுமாக இரண்டு முனைகளிலே குவியும். சில்லு சட்டத்தினும் மிகச் சிறிதளவு தாழ்ந்திருத்தல் நன்றே. பளிங்குபோன்ற பனிக்கட்டியின்மேல் வழுக்குப்பட்டையின் பின்பகுதி தேய்ந்துருகாமல் அது காக்கும். ஒன்றரை அங்குலமோ மிகை. இதனைத் தவிர்க்க அச்சை 1.5 அங்குலம் மேலேற்றும் தாங்கிகள் பூட்டப்படும். அப்பொழுது சில்லின் அடி பழைய மட்டத்துக்கு வரும். தலையோ பழைய நிலையினும் 3 அங்குலம் உயரும். பெரும்பள்ளத்தில் விழுந்து வில்லுகள் முற்றாக அமுங்கும்பொழுது பட்டியின் புடைப்புகள் மேற்கூட்டையும் அங்குள்ள குளிர்த்திக் குழாய்களையும் உரசாதிருக்கின்றனவா என அளந்தறிதல் இன்றியமையாதது.

இரண்டாவது, நீளம். பட்டியின் நீளம் மாறாதது. பெரிய சில்லைச் சுற்றிவரக் கூடுதலான பட்டி வேண்டும். ஆரை 1.5 அங்குலம் கூடின் அரைவட்டத்தின் நீளம் ஏறத்தாழ 4.7 அங்குலம் கூடும். அந்நீளம் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலுமிருந்து பாதி பாதியாக எடுக்கப்படுதலின், அச்சு ஏறத்தாழ 2.4 அங்குலம் (60 மில்லிமீற்றர்) முன்னோக்கி வரல் வேண்டும். அச்சை நகர்த்துதற்கென உள்ள துளை அவ்வளவு இடங்கொடுப்பது அரிது. 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலத்துக்கு மாறுவோர்க்கு 20 மில்லிமீற்றர் நகர்வே போதுமாதலின், அவர்க்கு இவ்விடர் பெரிதன்று.

மூன்றாவது, சமநிலை. அச்சு முன்னே வரப் பட்டி தரையைத் தொடும் நீளம் அவ்வளவாற் குறைகின்றது. ஆர்முடுகும்பொழுது ஊர்தியின் முன்புறம் எழ முயலும். அது திரும்பும் சுழலிடம் பின்சில்லின் அடியே. அச்சுழலிடம் ஊர்தியின் ஈர்ப்புமையத்தை நோக்கி நெருங்கினால் முன்புறம் எளிதில் எழும், சறுக்குக்கட்டைகளின்மேல் நிறை குறையும், திருப்புதல் மந்தமாகும். அதனை ஈடுசெய்யப் பின்வில்லின் இறுக்கத்தைக் கூட்டுவர். அல்லது முன்புயம் விரியும் எல்லையைக் கட்டுப்படுத்தும் வாரைச் சிறிது குறுக்குவர். சில்லை மாற்றுவோர் வில்லையும் தொடல் வேண்டும் என்பது இதனாலேயே.

நான்காவது, திணிவு. ஒரே தடிப்புள்ள தட்டுக்களின் திணிவு விட்டத்தின் வர்க்கத்துக்கு நேராக மாறும். கம்பிகள் போற் குடைந்து இலேசாக்கினும் பெரிய சில்லு பாரமானதே. அப்பாரம் வில்லுக்கு மேலன்றிக் கீழே சேர்கின்றது. வில்லுக்குக் கீழுள்ள திணிவு கூடக் கூட, மேடு பள்ளங்களுக்கு ஏற்பச் சட்டம் விரைந்து எழுந்து தாழ இயலாது. அதிர்ச்சி ஓட்டுநரின் முதுகை அடையும்.

இங்கே இன்னொரு மயக்கத்தையும் நீக்குதல் வேண்டும். எமது மாட்டுவண்டியின் சில்லு ஏன் அத்துணை உயரமானது? பெரிய சில்லு குழியில் அமிழாது. கல்லை எளிதில் ஏறிக் கடக்கும். பனியூர்தியின் பெரிய பின்சில்லும் அவ்வாறே மேடுகளை எளிதாக்கும் எனச் சிலர் எண்ணுவர். அது பொருந்தாது. வண்டியிலே கல்லை முதலிற் சந்திப்பது சில்லு. பனியூர்தியிலோ மேட்டை முதலிற் சந்திப்பவை சறுக்குக்கட்டைகளும் சட்டத்தின் முன்வளைவும். அவை அமுக்கிச் சென்ற தடத்திலே பின்சில்லு கடைசியாக வருகின்றது. ஊர்தி பின்னோக்கிச் செல்லும்பொழுது மட்டுமே பெரிய சில்லு அவ்வாறு உதவும்.

யார்க்கு எது தகும்?

உறைந்த ஏரியிலே நேர்கோட்டில் ஓடி வேகத்தை அளக்கும் போட்டியாளர்க்கு ஒன்றரைக் கிலோமீற்றரும் பெரிது. அவர்க்கு மேடு பள்ளம் இல்லை, திருப்பமும் இல்லை. பெரிய சில்லு அவர்க்குத் தகும். காட்டுவழியே செல்வோர்க்கோ இலாபம் சிறிது, இடர் பல. அன்றியும், ஒன்ராறியோ மாகாணத்தின் பனித்தடங்களிலே சட்டம் அனுமதிக்கும் வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர், கியூபெக்கில் 70. மணிக்கு 160இலே கிடைக்கும் ஆதாயத்தை அங்கே எங்கு அனுபவிப்பது? ஆழ்ந்த புதுப்பனியிற் செல்வோர்க்கு வேண்டுவது நீண்ட பட்டியும் குறைந்த பாரமுமே.

பணம் செலவின்றிப் பெறக்கூடிய இலாபம் ஒன்றும் உண்டு. பட்டி அளவுக்கு மிஞ்சி இறுகியிருப்பின் அது தானே வலுவை விழுங்கும். மிகத் தளர்ந்திருப்பின் முன்பற்சில்லுப் பல்மாறித் துள்ளும். உற்பத்தியாளரின் கைந்நூல் கூறும் எடையைப் பட்டியின் நடுவிலே தொங்கவிட்டு, அது எவ்வளவு தொய்கின்றதென அளந்து, அந்நூல் கூறும் அளவுக்கு இரு புறத்தையும் ஒப்பச் சரிசெய்தல் வேண்டும். ஒரு புறம் மட்டும் கூடினாற் பட்டி ஒருபாலே சாய்ந்து ஓரம் கிழியும். குண்டுத்தாங்கிகள் தடையின்றிச் சுழல்கின்றனவா என்பதையும் கையாற் சுழற்றிப் பார்த்தல் நன்று.

இவ்வளவையும் எழுதி, முன்னைய விடைக்கு வருத்தமும் தெரிவித்து, அன்பருக்கு இரண்டாம் கடிதத்தை விடுத்தோம். மாரி முடிந்தபின் பதில் வந்தது. தந்தையும் மகனுமாக வாகனக் கொட்டகையில் ஊர்தியைத் தூக்கி வைத்துப் பட்டியின் தொய்வை அளந்தனராம். அது வேண்டியதிலும் மிக இறுக்கமாயிருந்ததாம். பின்சில்லு ஒன்றின் குண்டுத்தாங்கி துருவேறிக் கரகரத்ததாம். தாங்கியை மாற்றிப் பட்டியைத் தளர்த்திய பின் ஊர்தி புதியதுபோல் ஓடுகின்றதாம். 10 அங்குலச் சில்லுகளை வாங்கவில்லை. “மகன் முதன்முறையாகத் தங்கள் பெயரைக் கேட்டு, அந்தக் கணக்கை எனக்கும் காட்டுங்கள் என்றான், இருவரும் ஓரிரவு முழுதும் அமர்ந்து அதனைச் செய்தோம்” என முடித்திருந்தார்.

கல்லூரியிலே இப்பொழுது கற்கும் மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். மேலே நாம் காட்டிய கணக்குகளை நீங்களும் செய்து பாருங்கள். பிழை காணின் எமக்கு எழுதுங்கள். பனியையே காணாத ஊரிலிருந்து பனியூர்தியைப் பற்றி எழுதியவர்க்குப் பிழை நேர்தல் இயல்பு. அதனை எடுத்துக்காட்டும் மாணவர் இருக்குமளவும் கல்லூரிக்குக் குறைவில்லை.